எரிபொருளும் பாட்டரியும்: சக்தியின் வரவு செலவு

வரவு செலவுக் கணக்கு என்பது பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்குப் புதிய விஷயமன்று. ஒரு காசு செலவானால் அது எங்கே சென்றது என்று காட்டியாக வேண்டும். ஒரு காசு வந்தால் எங்கிருந்து வந்தது என்று எழுதியாக வேண்டும். இயற்கையும் இவ்வாறே கண்டிப்பான ஒரு கணக்குப் புத்தகத்தை வைத்திருக்கிறது. அதில் எழுதப்படுவது பணமன்று, சக்தி. அடுப்பில் விறகு எரிவதும், பம்பு செட்டு நீர் இறைப்பதும், தெருவிளக்கின் பாட்டரி இரவெல்லாம் ஒளி தருவதும் அக்கணக்கின் பக்கங்களே. இக்கணக்கைப் படிக்கத் தெரிந்துகொண்டால் எரிபொருளை வீணாக்காமலும், உயிருக்கும் உடைமைக்கும் ஊறு நேராமலும் காத்துக்கொள்ள முடியும். இக்கட்டுரையில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியைத் துணையாகக் கொண்டு இதனைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

சுண்ணாம்புச் சூளை கற்பிக்கும் பாடம்

ஒரு பொருள் மற்றொரு பொருளோடு சேர்ந்து புதிய பொருளாக மாறுவதையே ரசாயன மாறுதல் என்கிறோம். பொருள்களின் அணுக்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கின்றன. இப்பிணைப்பை அறுப்பதற்குச் சக்தி செலவாகும். புதிய பிணைப்பு ஏற்படும்போது சக்தி வெளிப்படும். வெளிப்படுவது அதிகமாயின் அம்மாறுதல் உஷ்ணத்தைத் தரும். செலவாவது அதிகமாயின் சுற்றுப்புறத்திலிருந்து உஷ்ணத்தை இழுத்துக்கொள்ளும்.

நம் ஊர்களில் நெடுங்காலமாக நடந்துவரும் சுண்ணாம்புத் தொழிலே இதற்குச் சிறந்த உதாரணம். சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் இட்டுச் சுடுகிறோம். ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்க வேண்டுமாயின், சூளையில் வீணாகும் உஷ்ணம் நீங்கலாக, கல்லைப் பிரிப்பதற்கு மட்டும் ஏறத்தாழ 760 கிலோ கலோரி உஷ்ணத்தைக் கல் உள்ளே வாங்கிக்கொள்கிறது. (ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான உஷ்ணமே ஒரு கிலோ கலோரி.) கல்லிலிருந்து கரியமில வாயு பிரிந்து செல்கிறது. பிறகு அச்சுண்ணாம்பில் நீர் விட்டு நீற்றும்போது அது கொதிப்பதை அனைவரும் கண்டிருக்கிறோம். அடியில் நெருப்பு இல்லை; ஆயினும் ஏறத்தாழ 280 கிலோ கலோரி வெளிப்படுகிறது. நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கி மீண்டும் கல்லாக இறுகுகிறது. அப்போது மீதி 480 கிலோ கலோரி வெளிவருகிறது. பல மாதங்களில் சிறிது சிறிதாக வருவதால் நாம் அதனை உணர்வதில்லை. 280ஐயும் 480ஐயும் கூட்டிப் பாருங்கள், 760. சூளை கொடுத்த கடன் இரண்டு தவணைகளில் முழுமையாகத் திரும்பிவிட்டது.

இதற்கு எதிரான உதாரணம் யூரியா. தெளிப்பதற்காக யூரியாவை நீரில் கரைக்கும்போது பாத்திரம் குளிர்ந்துபோவதைக் குடியானவர்கள் அறிவார்கள். பத்து லிட்டர் நீரில் ஒரு கிலோ யூரியாவைக் கரைத்தால் நீரின் சூடு ஐந்து டிகிரி அளவு குறையும். கரைவதற்கு வேண்டிய சக்தியை யூரியா அந்நீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது என்பதே காரணம்.

ஆகவே சக்தியை எவரும் புதிதாக உண்டாக்குவதில்லை, எவரும் அழிப்பதுமில்லை. அது ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு, ஓர் உருவத்திலிருந்து மற்றோர் உருவத்திற்கு மாறுகிறது. இதுவே இயற்கைக் கணக்கின் முதல் விதி.

மண்ணுக்குள் கிடந்த வெயில்

இனி நெய்வேலிக்கு வருவோம். பயிர்கள் வெயிலின் சக்தியைக் கொண்டு காற்றிலுள்ள கரியமில வாயுவையும் மண்ணிலுள்ள நீரையும் இணைத்துத் தம் உடலை வளர்த்துக்கொள்கின்றன. வெயில் அவ்வாறு இலையிலும் தண்டிலும் அடகு வைக்கப்படுகிறது. ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட காலத்தில் வளர்ந்த காடுகள் நீருக்கும் மண்ணுக்கும் அடியில் புதையுண்டு, அழுந்தி, பழுப்பு நிலக்கரியாயின. மரத்திற்கும் கருநிலக்கரிக்கும் இடைப்பட்ட நிலையில் இருப்பது இது.

அன்றைய தென்னாற்காடு ஜில்லாவில், விருத்தாசலத்திற்கு அருகே, 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டியபோது, நீரோடு கரிய துணுக்குகள் வெளிவந்தன. அதுவே நெய்வேலிச் செல்வத்தின் முதற் செய்தி. பல ஆராய்ச்சிகளுக்குப் பின் 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கார்ப்பரேஷன் அமைக்கப்பட்டது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். அப்போது காமராஜர் முதலமைச்சராக இருந்தார். 1961ஆம் ஆண்டில் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962ஆம் ஆண்டில், சோவியத் நாட்டின் உதவியுடன் நிறுவப்பட்ட முதல் அனல் மின்நிலையத்தில் 50 மெகாவாட் யந்திரம் ஓடத் தொடங்கிற்று. பின்னர் 600 மெகாவாட்டாக வளர்ந்த அந்நிலையம் நெடுநாள் உழைத்து 2020ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றது. இரண்டாம் அனல் மின்நிலையமும், அதன்பின் வந்த விரிவாக்கங்களும், 1,000 மெகாவாட் திறனுள்ள புதிய அனல் மின்நிலையமும் இன்று அப்பணியைத் தொடர்கின்றன. 2016ஆம் ஆண்டு முதல் அந்நிறுவனம் என்.எல்.சி. இந்தியா எனப் பெயர் பெற்றுள்ளது.

நெய்வேலியில் ஒரு காலத்தில் மின்சாரம் மட்டுமன்றி யூரியா உரமும், 'லெகோ' என்னும் அடுப்புக்கரிக் கட்டியும் செய்யப்பட்டன. நிலக்கரியை உலர்த்தி, அழுத்திக் கட்டியாக்கி, காற்றுப் படாமல் சூடேற்றிப் புகைப் பொருள்களை நீக்கியதே லெகோ. அத்தொழிற்சாலைகள் பின்னாளில் மூடப்பட்டன. எனினும் அவை ஏன் தேவைப்பட்டன என்பதை அடுத்து வரும் கணக்கு விளக்கும்.

ஈரம் வாங்கும் வரி

நெய்வேலி நிலக்கரியில் ஏறத்தாழ சரிபாதி நீர். ஒரு கிலோவை எரித்தால் சுமார் 2,600 கிலோ கலோரி உஷ்ணம் பிறக்கிறது. ஆனால் அது முழுவதும் நம் கைக்கு வருவதில்லை. அதிலுள்ள அரைக் கிலோ நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க 35 கிலோ கலோரியும், அதனை ஆவியாக்க 270 கிலோ கலோரியும் தேவை. ஆக 305 கிலோ கலோரி ஈரத்திற்கே செலவாகிப் புகைபோக்கி வழியே வெளியேறுகிறது. மொத்தத்தில் இது எட்டில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. விளைச்சலைக் களத்திலிருந்து வீட்டிற்குக் கொண்டுவரும் முன்பே எட்டில் ஒரு மூட்டையை வரியாகக் கட்டுவது போன்றது இது.

நம் வீட்டு அடுப்பிலும் இவ்வரி உண்டு. அன்று வெட்டிய பச்சை விறகில் பாதியளவு நீர் இருக்கும். அதை எரிப்பவர் தம் விறகைக் கொண்டு தண்ணீரை ஆவியாக்கிக் கூரைக்கு அனுப்புகிறார். சோறு வேகத் தாமதமாகிறது. வீடு புகை மண்டுகிறது. சில மாதம் நிழற்பந்தலின் கீழ் காற்றோட்டமாக அடுக்கி உலர்த்தினால், அவ்வரியில் பெரும்பகுதியை வெயிலும் காற்றும் இலவசமாகக் கட்டிவிடும். செங்கற்சூளை வைப்போரும், வெல்லம் காய்ச்சுவோரும் இதனைக் கவனிக்க வேண்டும். ஈரமான கரும்புச் சக்கையை அடுப்பில் தள்ளுவது பாகின் சூட்டைத் திருடுவதாகும்.

முழு எரிப்பும் அரை எரிப்பும்

எரிதல் என்பது எரிபொருளிலுள்ள கரி காற்றிலுள்ள பிராணவாயுவுடன் சேர்வதே. போதிய காற்றுக் கிடைத்தால் ஒரு கிலோ கரி முழுவதும் கரியமில வாயுவாகி ஏறத்தாழ 7,800 கிலோ கலோரி தரும். காற்றுப் போதாவிட்டால் அது பாதி வழியிலேயே நின்று, கார்பன் மோனாக்ஸைடு என்னும் வேறொரு வாயுவாகிவிடும். அப்போது கிடைப்பது சுமார் 2,200 கிலோ கலோரியே. எடையும் அதே, விலையும் அதே. உஷ்ணமோ பத்தில் மூன்று பங்குகூட இல்லை. அனல் மின்நிலையங்களில் நிலக்கரியை நன்கு பொடியாக்கி, அளவறிந்து காற்றைச் செலுத்தி எரிப்பதன் காரணம் இதுவே. பொடியாக்கினால் காற்றுப் படும் பரப்பு மிகும், எரிப்பு முழுமையாகும்.

உஷ்ணம் குறைவது மட்டுமே கேடு அன்று. இந்த அரை எரிப்பு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. சுவாசித்தால் இரத்தத்தில் பிராணவாயு இருக்க வேண்டிய இடத்தை இது பிடித்துக்கொள்கிறது. மார்கழிக் குளிரில் கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவு ஜன்னல்களை அடைத்து உறங்குவது உயிருக்கே ஆபத்தானது. டீசல் ஜெனரேட்டரை மூடிய அறைக்குள் ஓட்டுவதும் அவ்வாறே. தலைவலி, மயக்கம், வாந்தி தோன்றினால் உடனே அவரை வெட்டவெளிக்குக் கொண்டுவந்து மருத்துவ உதவி தேட வேண்டும்.

தானாகப் பற்றும் நெருப்பு

நெருப்பு வைக்காமலே பொருள்கள் பற்றிக்கொள்வதும் உண்டு. சுரங்கத்திலிருந்து எடுத்துக் குவித்த பழுப்பு நிலக்கரி காற்றிலுள்ள பிராணவாயுவுடன் சாதாரண நிலையிலேயே மெல்லச் சேர்கிறது. ஒவ்வொரு துளி மாறுதலிலும் சிறிது உஷ்ணம் பிறக்கிறது. குவியலின் வெளிப்பகுதியில் அது காற்றோடு போய்விடும். உட்பகுதியில் போக வழியின்றித் தங்கும். சூடு மிகுந்தால் மாறுதல் விரைவாகும். மாறுதல் விரைவானால் சூடு மேலும் மிகும். இறுதியில் குவியல் புகைந்து பற்றும். ஆதலின் நெய்வேலி நிலக்கரியை நெடுநாள் குவித்து வைப்பதும் தொலைதூரம் கொண்டுசெல்வதும் எளிதன்று. மின்நிலையங்கள் சுரங்கத்தின் வாயிலிலேயே அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்; பாதி நீராக உள்ள பொருளை வண்டியேற்றிக் கூலி கொடுப்பது வீண் என்பது மற்றொரு காரணம்.

ஈரம் காயாமல் போட்ட வைக்கோற்போரிலும் இதே கதைதான். முதலில் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துச் சூட்டை உண்டாக்கும். பிறகு ரசாயன மாறுதல் அச்சூட்டை வளர்க்கும். போரின் நடுவில் கையை விட்டால் சூடு தெரியுமாயின், அல்லது புளித்த வாடை வருமாயின், போரைப் பிரித்துக் காயவைப்பதே நலம். புகையும் போரைப் பிரிக்கும்போது உள்ளே காற்றுப் புகுந்து திடீரெனப் பற்றக்கூடும். ஆகவே தண்ணீரும் ஆட்களும் ஆயத்தமாக இருந்த பின்னரே அதில் கை வைக்க வேண்டும்.

ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை

ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரிக்குச் சமம். 2,600 கிலோ கலோரியுள்ள ஒரு கிலோ நிலக்கரி மூன்று யூனிட் தரவேண்டுமல்லவா? ஆனால் ஏறத்தாழ ஒரு யூனிட்தான் கிடைக்கிறது. நிலக்கரி எரிந்து நீர் நீராவியாகி, நீராவி சக்கரத்தைச் சுழற்றி, சக்கரம் மின்சாரத்தை உண்டாக்க வேண்டும். உஷ்ணத்தை இயக்கமாக மாற்றும் எந்த யந்திரமும் ஒரு பங்கு உஷ்ணத்தைக் கழித்துவிட்டே தீரவேண்டும் என்பது இயற்கையின் இரண்டாவது விதி. சக்கரத்தைச் சுழற்றிய நீராவியைக் குளிர்விக்கும்போது பெரும்பகுதி உஷ்ணம் குளிர்விப்புக் கோபுரங்களின் வழியே வானத்திற்குப் போகிறது.

ஐந்து குதிரைச் சக்தி மோட்டார் நாலு மணி நேரம் ஓடினால் சுமார் 18 யூனிட் செலவாகும். அதாவது ஏறத்தாழ 20 கிலோ நெய்வேலி நிலக்கரி எரிந்திருக்கிறது. ஒரு டன் நிலக்கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கு மேற்பட்ட மண்ணை அகற்ற வேண்டியிருப்பதால், அந்த 20 கிலோவிற்காகச் சுமார் நான்கு கன அடி மண் வெட்டப்பட்டிருக்கிறது. நிலக்கரிப் படிவத்தின் அடியில் அழுத்தத்துடன் நிற்கும் நிலத்தடி நீர் மேலே பீறிடாதிருக்க இரவும் பகலும் இறைக்கப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 20 கிலோ கரியமில வாயு காற்றில் கலந்திருக்கிறது. அது புவியின் சூட்டை மிகுவிக்கும். தமிழ்நாட்டில் விவசாயப் பம்பு செட்டுகளுக்கு மின்சாரம் கட்டணமின்றி வருகிறது. ஆயினும் அது விலையின்றி வரவில்லை.

அவ்விலையில் ஒரு பெரும் பங்கை நிலம் கொடுத்த கிராமங்கள் செலுத்தியுள்ளன. 1950களில் நெய்வேலிக்காக ஊரைவிட்டுப் பெயர்ந்த குடும்பங்கள் பல. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற நிலத்தின் ஊடே வாய்க்கால் வெட்டப்பட்டபோது எழுந்த வேதனையையும் நாம் அறிவோம். சக்தி அடங்கிய பொருளைக் கையாள்வதில் உயிர்ச் சேதமும் நேர்ந்துள்ளது; 2020 ஜூலை 1 அன்று இரண்டாம் அனல் மின்நிலையத்துக் கொதிகலன் விபத்தில் தொழிலாளர் பலர் மாண்டனர். ஆகவே குழாய் ஒழுகவிட்டு மோட்டாரை ஓட்டுவதும், தேவையின்றி வரப்பு வழிய நீர் பாய்ச்சுவதும் நம் நீரை மட்டும் வீணாக்குவதன்று. மற்றோர் ஊராரின் நிலத்தையும் உழைப்பையும் வீணாக்குவதாகும்.

உடைப்பும் மதகும்

எரிபொருளின் சக்தியை உஷ்ணமாக்காமல் நேரே மின்சாரமாக்க இயலாதா? இயலும். அதுவே பாட்டரியின் தத்துவம்.

ஏரிக்கரை உடைந்தால் நீர் முழுவதும் ஒரே பாய்ச்சலாக ஓடிவிடுகிறது; அதனால் பயனில்லை. அதே நீரை மதகு வழியே வாய்க்காலில் விட்டால் நூறு வயல் விளைகிறது. எரிதல் என்பது உடைப்பைப் போன்றது. எரியும் பொருளின் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் என்னும் மின்துகள்கள் பிராணவாயுவின் அணுக்களுக்கு நேரே தாவுகின்றன. சக்தி உஷ்ணமாகச் சிதறுகிறது. பாட்டரியில் அவ்விரு பொருள்களும் தனித்தனியே நிறுத்தப்படுகின்றன. எலெக்ட்ரான்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல வேண்டுமாயின் வெளியே உள்ள கம்பி வழியாகத்தான் செல்ல முடியும். கம்பியே வாய்க்கால், சுவிட்சே மதகு. வழியில் உள்ள விளக்கும் மோட்டாரும் அப்பாய்ச்சலால் இயங்குகின்றன.

இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டா 1800ஆம் ஆண்டில் முதல் மின்கல அடுக்கைச் செய்தார். டிராக்டரிலும் இன்வெர்ட்டரிலும் நாம் காணும் காரீய பாட்டரியை 1859ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி பிளான்டே கண்டுபிடித்தார். அதில் ஒரு தகட்டில் காரீயமும், மற்றதில் பிராணவாயு சேர்ந்த காரீயமும், நடுவே நீர் கலந்த கந்தக அமிலமும் உள்ளன. மின்சாரத்தை எடுக்க எடுக்க இரு தகடுகளும் காரீய சல்பேட்டாக மாறுகின்றன, அமிலம் நீர்த்துப்போகிறது. சார்ஜ் செய்யும்போது மாறுதல் தலைகீழாக நடந்து பழைய நிலை திரும்புகிறது. சுண்ணாம்புக் கணக்கைப் போலவே இதுவும் கொடுத்து வாங்கும் கணக்கு. ஆனால் பாட்டரி சிறிது வட்டியும் கழிக்கும். பத்து யூனிட் கொடுத்தால் எட்டு யூனிட் அளவே திரும்பும்.

ஓர் அறைக்கு இரண்டு வோல்ட். ஆறு அறை சேர்ந்தால் 12 வோல்ட். 100 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்றில் நிற்பது சுமார் 1.2 யூனிட். அதன் எடையோ 30 கிலோ அளவு. ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட நிலக்கரி மின்நிலையத்தில் தருவதைத்தான் இந்த 30 கிலோ பெட்டி தாங்கி நிற்கிறது. இதிலிருந்து, பாட்டரி சக்தியைப் பிறப்பிக்கும் சுரங்கமன்று, சேர்த்து வைக்கும் குதிர் என்பது விளங்கும். குதிரில் போட்டதே குதிரிலிருந்து வரும். 1991ஆம் ஆண்டில் கடைக்கு வந்த லித்தியம் பாட்டரிக்கு இதே அளவு சக்தியைத் தாங்கப் பத்து கிலோவே போதும். அதற்கு வழிகோலிய மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019ஆம் ஆண்டில் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இத்துறையில் தமிழ்நாட்டுக்குத் தனிப் பெருமை உண்டு. வள்ளல் அழகப்ப செட்டியார் நிலமும் பொருளும் வழங்க, காரைக்குடியில் 1953 ஜனவரி 14 அன்று மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. பாட்டரிகள், உலோகம் அரிக்காமல் காத்தல் முதலியவற்றில் அது இன்றும் ஆராய்ச்சி நடத்தி வருகிறது. நிலக்கரியால் வளர்ந்த நெய்வேலி நிறுவனமும் சூரிய மின்நிலையங்களை அமைத்துள்ளது. 2020ஆம் ஆண்டில் அந்தமானில் 20 மெகாவாட் சூரிய மின்நிலையத்தைப் பெரும் பாட்டரித் தொகுதியுடன் அது நிறுவியது. புதைந்த வெயிலைத் தோண்டியவர்கள் அன்றாட வெயிலைச் சேமிக்கத் தொடங்கியிருக்கிறார்கள் எனலாம்.

பாட்டரியைப் பேணுதல்

காரீய பாட்டரியைச் சார்ஜ் இறங்கிய நிலையில் வாரக்கணக்கில் விட்டுவிட்டால் காரீய சல்பேட்டு கெட்டியான படிகமாகிவிடும். பின்னர் அது சார்ஜ் ஏற்காது. பல ஊர்களில் சூரிய ஒளித் தெருவிளக்குகள் விரைவில் அணைந்து நிற்பதற்கு, தகட்டில் தூசி படிந்து பாட்டரி நாள்தோறும் அரைகுறையாகவே சார்ஜ் ஆவதும் ஒரு காரணம். மாதம் ஒருமுறை தகட்டைத் துடைப்பது பெரிய செலவன்று.

நீர் ஊற்றும் வகைப் பாட்டரியில் நீர் குறைந்தால், கடைகளில் பாட்டரித் தண்ணீர் என்று விற்கப்படும் வாலைவடிநீரை மட்டுமே ஊற்றவேண்டும். கிணற்று நீரிலுள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். அமிலத்தை ஒருபோதும் கூடுதலாக ஊற்றலாகாது. அமிலத்தின் கனத்தை ஹைட்ரோமீட்டரால் பார்த்தால் பாட்டரியின் நிலை தெரியும். முழுச் சார்ஜில் அது 1.28 அளவும், இறங்கிய நிலையில் 1.15க்குக் கீழும் காட்டும். அமிலத்தை நீர்க்கச் செய்ய நேர்ந்தால் நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாக விடவேண்டுமே அன்றி, அமிலத்தில் நீரை விடலாகாது. அவ்விரண்டும் சேரும்போது பிறக்கும் உஷ்ணத்தில் நீர் சட்டெனக் கொதித்து அமிலத்தை முகத்தில் தெறிக்கும்.

சார்ஜ் ஏறும்போது நீர் பிரிந்து ஹைட்ரஜன் வாயு வெளிவருகிறது. காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு கலந்தாலே அது தீப்பற்றும். ஆகையால் பாட்டரி உள்ள அறைக்குக் காற்றோட்டம் வேண்டும். அதனருகே பீடி, விளக்கு, தீக்குச்சி கூடா.

காரீயம் என்னும் நஞ்சு

பழைய பாட்டரியை உடைத்துக் காரீயத்தைத் தெருவிலோ வீட்டுக் கொல்லையிலோ உருக்குவது மிகப் பெரிய தீங்கு. காரீயப் புகையும் தூசியும் மண்ணிலும் நீரிலும் படிந்து நெடுங்காலம் நிற்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். கற்கும் திறனைக் குறைக்கும். இவ்வளவு வரை கேடில்லை என்று சொல்லத்தக்க அளவே காரீயத்திற்குக் கண்டறியப்படவில்லை. கொட்டிய அமிலம் கிணற்றையும் நிலத்தையும் பாழாக்கும்.

முறையான தொழிற்சாலையில் உருக்கினால் அதே காரீயம் மீண்டும் மீண்டும் புதிய பாட்டரியாகும். 2022ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பு தயாரிப்பாளரைச் சேர்ந்தது. பழைய பாட்டரியைக் கடையில் ஒப்படைத்தால் புதியதன் விலையில் கழிவும் கிடைக்கிறது. கூடுதலாகச் சில ரூபாய் கிடைக்கும் என்று ஊருக்குள் உடைக்க விடுவது, விதைநெல்லை விற்று வேடிக்கை பார்ப்பதற்கு ஒப்பாகும்.

எரிபொருள் மின்கலம்

பாட்டரியில் உள்ள பொருள் மாறி முடிந்ததும் மின்சாரம் நிற்கிறது. வெளியிலிருந்து பொருளை ஊட்டிக்கொண்டே இருந்தால் நிற்காதல்லவா? அத்தகைய சாதனமே எரிபொருள் மின்கலம். 1839ஆம் ஆண்டில் வில்லியம் குரோவ் என்னும் விஞ்ஞானி இதனைச் செய்து காட்டினார். ஒருபுறம் ஹைட்ரஜனும் மறுபுறம் பிராணவாயுவும் செலுத்தப்படுகின்றன. அவை சுவாலையின்றிச் சேர்ந்து நீராகின்றன. எலெக்ட்ரான்கள் கம்பி வழியே ஓடி மின்சாரம் தருகின்றன. 1965ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெமினி விண்கலத்தில் இது பயன்பட்டது. நம் நாட்டில், கொச்சிக் கப்பல் தளத்தில் கட்டப்பட்ட ஹைட்ரஜன் மின்கலப் படகு ஒன்றைப் பிரதமர் 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடியிலிருந்து தொடங்கி வைத்தார்.

புகையில்லை, சாம்பலில்லை என்பது இதன் சிறப்பு. ஆனால் கணக்கை இங்கும் மறக்கலாகாது. ஹைட்ரஜன் சுரங்கத்தில் வெட்டி எடுக்கும் பொருளாக நமக்குக் கிடைப்பதில்லை. நீரை மின்சாரத்தால் பிரித்து அதனைப் பெறலாம். ஒரு கிலோ ஹைட்ரஜன் பெற 50 யூனிட்டுக்கு மேல் செலவாகிறது. மின்கலத்தில் அது திருப்பித் தருவது 16 யூனிட் அளவே. மூன்றில் இரண்டு பங்கு வழியில் போய்விடுகிறது. ஆகவே பகல் வெயில் மின்சாரம் மிஞ்சும் இடங்களிலும், பாட்டரியின் கனத்தைத் தாங்க முடியாத வாகனங்களிலும் இது பொருந்தலாம். தெருவிளக்குக்குப் பாட்டரியே சிக்கனம்.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

பஞ்சாயத்துச் சொத்துப் பதிவேட்டில் ஒவ்வொரு பாட்டரியும் வாங்கிய தேதி, உத்தரவாதக் காலம், திரும்ப ஒப்படைத்த விவரம் ஆகியவற்றுடன் எழுதப்பட வேண்டும். புதிய விளக்குகளுக்கு டெண்டர் கோரும்போதே பழைய பாட்டரியைத் திரும்பப் பெறும் நிபந்தனையைச் சேர்ப்பது நலம். ஊருக்குள் காரீயம் உருக்குவதைக் கண்டால் கிராம சபையில் வைத்துத் தடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்குத் தெரிவிக்க வேண்டும். குடிநீர்த் தொட்டியின் மோட்டாரையும் குழாய்களையும் ஆண்டுக்கொரு முறையேனும் சோதித்து ஒழுக்கை அடைக்க வேண்டும். பள்ளிச் சமையற்கூடத்தில் உலர்ந்த விறகும், புகை வெளியேற வழியும் உண்டா என்று பார்க்க வேண்டும். இவை எதற்கும் பெருந்தொகை வேண்டியதில்லை. கவனம் ஒன்றே வேண்டும்.

மண்ணுக்கடியில் உள்ள நிலக்கரி ஒருநாள் தீரும். வெயில் தீராது, ஆனால் அது மாலையில் மறையும். மறையும் வெயிலைக் குதிரில் சேர்த்து வைத்து இரவில் எடுத்து வழங்கும் கலை இனி ஒவ்வொரு கிராமத்திற்கும் வந்து சேரும். நெல்லைச் சேர்த்து வைப்பதில் சிக்கனமும் எச்சரிக்கையும் காட்டி வந்த நம் குடியானவர்களுக்கு இக்கலை அரிதன்று. சக்தியின் வரவையும் செலவையும் அறிந்து நடத்தும் கிராமம் தன் இருளை அகற்றுவதோடு, பிறர் நிலத்தையும் தன் குழந்தைகளையும் காக்கும்.